எல்டர்க்ளீம் புகலிடம்: கத்தியோடு நுழையவேண்டிய கோயில்காடு

ஸ்கைரிம் என்ற வீடியோ விளையாட்டில், வைட்ரன் நகரத்தின் நடுத்திடலில் ஒரு பெரிய மரம் பட்டுப்போய் நிற்கிறது. அதன் பெயர் கில்டர்க்ரீன். அருகிலேயே கைனரெத் என்ற வானத்துப் பெண்தெய்வத்தின் கோயில் இருக்கிறது. சற்று அப்பால், தாலோஸ் என்ற தெய்வத்தின் சிலை முன்பு, ஹெய்ம்ஸ்கர் என்ற சாமியார் பொழுதெல்லாம் தொண்டை கிழியப் பிரசங்கம் செய்துகொண்டிருப்பார். அரண்மனைக்கு ஏறும் படிகளை நோக்கி ஓடுகிற அவசரத்தில் பெரும்பாலோர் அந்த மரத்தைக் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். முதல் முறை விளையாடியபோது நானும் அப்படித்தான் கடந்தேன். கோயிலுக்குள் போய் டானிகா பியூர்-ஸ்ப்ரிங் என்ற பூசாரியிடம் பேச்சுக் கொடுத்த பிறகுதான், அது அந்தக் கோயிலின் தலமரம் என்பதும், இடி விழுந்து பட்டுப்போனது என்பதும், அதன் தாய்மரம் தொலைவில் ஒரு குகைக்குள் மறைந்திருக்கும் தோப்பில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதும் தெரியவந்தன.

அந்தத் தோப்புதான் எல்டர்க்ளீம் புகலிடம். பெதெஸ்டா நிறுவனம் டாட் ஹோவர்டின் இயக்கத்தில் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட இந்த விளையாட்டில் நூற்றுக்கணக்கான குகைகளும் கோட்டைகளும் கல்லறைகளும் இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசிக்குள் நுழைந்தால் வாளை உருவிக்கொண்டுதான் நடக்கவேண்டும். மண்டையோடு உருளும், அம்பு பாயும், பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) கதைகளிலிருந்து எடுத்துக்கொண்ட ‘டிராகர்’ என்னும் உயிர்ப்பிணங்கள் கல்பேழையைத் திறந்துகொண்டு எழுந்து வரும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, உள்ளே நுழைந்ததும் கை தானாக ஆயுதத்தை உறையில் போடும் இடம் என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஆகவே முழு விளையாட்டையும் மதிப்பிடாமல், இந்த ஒரே இடத்தையும் அதற்கு இட்டுச்செல்லும் ‘இயற்கையின் ஆசிகள்’ என்ற குவெஸ்டையும் (விளையாட்டில் நாம் செய்துமுடிக்கும் பணி) மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இதுவரை மூன்று முறை, மூன்று வெவ்வேறு கேரக்டர்களோடு, மூன்று விதமாக அங்கே போயிருக்கிறேன்.

டானிகா கேட்பது எளிய உதவியாகத்தான் முதலில் தோன்றுகிறது. இப்படிப்பட்ட மரம் முற்றிலும் சாவதில்லை, உறங்கத்தான் செய்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. தாய்மரத்தின் சாற்றைக் கொண்டுவந்தால் கில்டர்க்ரீனை எழுப்பிவிடலாம் என்கிறார். ஆனால் எல்டர்க்ளீம் உலோகத்தைவிடப் பழையது. மனிதர்களும் எல்ஃப் என்னும் இனத்தவரும் வருவதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது. சாதாரண இரும்பு அதன் பட்டையில் ஒரு கீறல்கூடப் போடாது. அதற்கென்று இருக்கும் ஆயுதம் நெட்டில்பேன் என்ற கத்தி. வனத்தைக் காக்கும் ஸ்ப்ரிகன்களைப் பலியிடுவதற்காக, பாதி கிழவியும் பாதி காகமுமான ஹாக்ரேவன்கள் செய்த கத்தி அது. ஹெல்கன் என்ற ஊருக்கு அருகே ஆர்ஃபன் ராக் என்ற பாறைமேட்டில் சூனியக்காரிகள் கூடியிருக்கிறார்கள். அங்கிருக்கும் ஹாக்ரேவனைக் கொன்றுதான் அதை எடுக்கவேண்டும். இந்தப் பகுதி வழக்கமான சண்டை. நெருப்பு மந்திரத்தைச் சரமாரியாக எறிவார்கள். மறைந்து நின்று அம்பு விடத் தெரிந்தவருக்குச் சிரமமில்லை.

கத்தியோடு கோயிலுக்குத் திரும்பும் அந்தக் கட்டத்தை மட்டும் நிதானமாக விளையாடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டானிகா கத்தியைப் பார்க்கிறார். ஆனால் கையால் வாங்க மறுக்கிறார். தான் அதைத் தொடாததற்கு மன்னிக்கவேண்டும் என்கிறார். அவ்வளவுதான், ஒரே வரி. பேச்சை வேகமாகத் தள்ளிவிடும் பழக்கமுள்ளவர்கள் அதைத் தவறவிட்டுவிடுவார்கள். இரண்டாம் முறை கேட்டபோது நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். தன் கோயிலின் மரம் பிழைக்கவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிற ஒரு பூசாரி, அதற்காகத் தான் தீண்டவும் கூசும் ஒரு பொருளை இன்னொருவர் கையிலேயே விட்டு, அதே தெய்வத்தின் இன்னொரு மரத்தைக் குத்தச் சொல்லி அனுப்புகிறார். அவர் கெட்டவர் இல்லை. கோயிலுக்குள்ளேயே காயம்பட்டவர்களைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்கிறவர். தன் மரத்தின் மேலுள்ள பாசம் அவர் கண்ணை மறைக்கிறது. இந்தக் குவெஸ்டின் முழு பாரமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. எழுதியவர்கள் அதைக் கொட்டை எழுத்தில் போடாமல் விட்டதற்கு நான் நன்றி சொல்வேன்.

கோயிலில் மாரிஸ் ஜோன்ட்ரெல் என்ற யாத்திரிகர் ஒருவர் இருக்கிறார். கில்டர்க்ரீனைத் தரிசிக்க வந்து, பட்டமரத்தைப் பார்க்க நேர்ந்தவர். தாய்மரத்தைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்ததும் தானும் உடன் வரலாமா என்று கேட்கிறார். அவருக்குச் சண்டை தெரியாது, மூட்டை சுமக்கவும் மாட்டார், வழியெல்லாம் நாம்தான் காப்பாற்றிக் கூட்டிப்போகவேண்டும். அப்படியிருந்தும் அவரை அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வைட்ரனிலிருந்து கிழக்கே வெள்ளாற்றின் கரையோடு நடந்து போவதுதான் இந்த யாத்திரைக்குப் பொருத்தமான வழி. வால்தைம் கோபுரங்கள் வரும். ஆற்றின் இரு கரையிலும் இரண்டு கோபுரங்கள், நடுவில் கல்பாலம், கீழே வழிப்பறிக்காரர்கள் நின்று ‘சுங்கம்’ கேட்பார்கள். என் இரண்டாம் ஆட்டத்தில் மாரிஸ் அங்கேதான் அம்பு பட்டு இறந்தார். நான் பழைய சேவுக்கு (ஆட்டத்தைச் சேமித்துவைத்த கட்டத்துக்கு) திரும்பி, இம்முறை அவரைப் பின்னால் நிறுத்திவிட்டு முதலில் பாலத்தைச் சுத்தம் செய்தேன். அதைத் தாண்டி நிலம் சரிந்து இறங்க இறங்க, குளிரும் பனியும் விலகி, ஈஸ்ட்மார்ச் வட்டாரத்தின் வெந்நீர்ச் சமவெளி விரிகிறது. மண் வெளுத்து மஞ்சள் பாய்ந்து கிடக்கும், குட்டைகளிலிருந்து ஆவி எழும், அந்த ஆவிக்கு நடுவே மாமத் யானைகளையும் அவற்றை மேய்க்கும் ராட்சதர்களையும் காணலாம். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்று நிலங்களைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இந்த நிலம் எங்கிருந்து வந்தது என்று விளங்கும். நார்ஸ் உலகம் என்றவுடன் வெறும் பனியையும் மலையையும் போட்டு நிரப்பிவிடாமல், அந்த வடக்கு நிலத்தின் அடியில் நெருப்பும் இருக்கிறது என்பதை இதைக் கட்டியவர்கள் மறக்கவில்லை.

இதே வட்டாரத்தில், விண்ட்ஹெல்ம் நகரத்துக்குத் தெற்கே, கைன்ஸ்குரோவ் என்ற சிற்றூரும் உண்டு. கைனரெத்தை ஸ்கைரிம் நாட்டின் நார்ட் மக்கள் அழைக்கும் பழைய பெயர் கைன். அவளுடைய தோப்பு என்பதே ஊர்ப் பெயரின் பொருள். ஆனால் அங்கே போனால் ஒரு சத்திரமும் சுரங்கமும்தான் கண்ணில் படும்; முக்கியக் கதையில் அந்த ஊருக்கு மேலேயுள்ள மேட்டில் டிராகன் ஒன்று புதைகுழியிலிருந்து எழுப்பப்படும். பெயரில் தோப்பை வைத்துக்கொண்ட ஊர் சாலையோரம் இருக்கிறது; எல்டர்க்ளீம் தோப்போ எந்தப் பலகையும் இல்லாமல் பாறைக்குள் இருக்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பது நல்லது.

புகலிடத்தின் வாசல் பாறைச்சரிவில் இருக்கும் ஒரு சாதாரண குகைவாய்தான். கதவு திறந்து உள்ளே சில அடி நடந்ததும் குகை விரிந்து, மேலே கூரை திறந்து, வெளிச்சம் தூண்தூணாக இறங்குகிறது. தரையெல்லாம் புல். ஓடைகள் கல்லில் தட்டி இறங்கி ஓடும் சத்தம் முதலில் காதில் விழும், அதன் பிறகுதான் கண்ணுக்கு எல்லாம் பழகும். பூச்செடிகள் அடர்ந்திருக்கும், பட்டாம்பூச்சிகள் பறக்கும். தோப்பின் உயர்ந்த இடத்தில், இளஞ்சிவப்பு இலைக்கொத்துகளோடு, எல்டர்க்ளீம் நிற்கிறது. அதன் வேர்கள் மனிதன் உள்ளே படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பருத்து, பாறையைச் சுற்றி வளைந்து, மேலே ஏறும் பாதையின் குறுக்கே வில்போல விழுந்து கிடக்கின்றன. வாசலிலிருந்து பார்த்தால் மரம் தெரியும், மரத்தடிக்குப் போகும் வழியும் தெரியும், அந்த வழி வேர்களால் அடைபட்டிருப்பதும் தெரியும். மூன்றையும் ஒரே பார்வையில் காட்டிவிடும்படி அந்த இடத்தை அமைத்திருக்கிறார்கள், அம்புக்குறியே வேண்டாம்.

உள்ளே ஆஸ்டா, சோண்ட் என்று இரண்டு பேர் இருப்பார்கள். இருவரும் மரத்தைப் பார்க்க வந்தவர்கள். அவர்கள் நமக்கு எந்த வேலையும் தருவதில்லை, எதையும் விற்பதில்லை. விளையாட்டுலகில் கண்ணில் படும் ஒவ்வொருவரும் நம்மிடமிருந்து ஏதோ ஒன்றை எதிர்பார்த்து நிற்பவர்களாகவே பழகிப்போன நமக்கு, எதையும் கேட்காமல் வெறுமனே இருக்கும் இருவரைப் பார்ப்பது எவ்வளவு ஆறுதல் என்பதை அங்கே நின்றால்தான் உணரமுடியும். அவர்கள் இருப்பதால்தான் இது ஒரு புகலிடம் என்பது நமக்கு உறைக்கிறது. யாரோ நமக்கு முன்பே வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கோயில் பிரகாரத்தில் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்வது போலத்தான்.

இனி கத்தி. வேரின் முன்னால் நின்று வாளால் வெட்டினால் ஒன்றும் நடக்காது. நெட்டில்பேனை எடுத்து ஒரு வீச்சு வீசினால், அவ்வளவு பெரிய வேர் சுருங்கி விலகுகிறது. வெட்டுப்பட்டு விழுவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சூடு பட்ட கை பின்வாங்குவதுபோல அது வளைந்து ஒதுங்குகிறது. மரத்துக்கு வலிக்கிறது என்று ஒரு வசனமும் சொல்லாமல் அந்த அசைவு ஒன்றே சொல்லிவிடுகிறது. முதல் வேரை விலக்கும்போது வழி கிடைத்த மகிழ்ச்சிதான் வரும். இரண்டாவது வேரில் கொஞ்சம் தயங்குவோம். அதற்குமேல் போகும்போது, நம் கையில் இருப்பது திறவுகோல் இல்லை என்பது புரிந்திருக்கும்.

முதல் ஆட்டத்தில் நான் தனியாகப் போயிருந்தேன். மாரிஸை அழைத்துப் போகவில்லை; கூட்டிக்கொண்டு அலைவது தொல்லை என்று நினைத்தேன். மரத்தடிக்கு ஏறி, அடிமரத்தில் கத்தியை வைத்து, சாற்றை எடுத்தேன். அடுத்த நொடியில் தோப்பு முழுவதும் ஸ்ப்ரிகன்கள் எழுந்துவிட்டன. பட்டையும் கொடியும் சேர்ந்து பெண்ணுருவாக நடக்கும் காவல் உயிர்கள் அவை. அடிபட்டால் தம்மைத் தாமே ஆற்றிக்கொள்ளும். தீயைக் கண்டால்தான் தளரும். நான் தீயைத்தான் பயன்படுத்தினேன். அந்தப் புல்தரையில், அந்த ஓடைகளின் நடுவில், நெருப்பை எறிந்து எறிந்து ஒவ்வொன்றாக வீழ்த்திவிட்டுக் கீழே இறங்கியபோது, ஆஸ்டாவும் சோண்டும் இறந்து கிடந்தார்கள். ஸ்ப்ரிகன்கள் என்னை மட்டும் தாக்கவில்லை, உள்ளே இருந்த எல்லோரையும் தாக்கியிருந்தன. சாறு கையில் இருந்தது. வைட்ரனுக்குத் திரும்பிக் கொடுத்தேன், சில நாட்கள் கழித்து வந்து பார்த்தபோது கில்டர்க்ரீன் பூத்துக் குலுங்கியது. திடலே நிறம் மாறியிருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த மரத்தடியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது தண்ணீர்க்கரையில் கிடந்த அந்த இரண்டு பேர்தான்.

மாரிஸ் உடன் இருந்தால் கதை வேறு. நாம் கத்தியோடு எதற்கு வந்திருக்கிறோம் என்பது புரிந்ததும் அவர் பதறிப்போகிறார். மரத்தைக் காயப்படுத்தாமலே ஒரு வழி இருக்கிறது என்கிறார். அவரை விட்டுவிட்டு நாம் ஒதுங்கி நின்றால், அவர் மரத்திடம் வேண்டிக்கொள்கிறார். மரம் தன்னிடமிருந்து ஓர் இளங்கன்றைத் தருகிறது. ஸ்ப்ரிகன்கள் எழுவதில்லை. ஆஸ்டாவும் சோண்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார்கள். கன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் டானிகாவின் முகம் முதலில் வாடுகிறது. அவர் எதிர்பார்த்தது பழைய மரம் மீண்டும் பூப்பதை. நாம் கொடுப்பதோ கையளவு செடி. பிறகு ஏற்றுக்கொள்கிறார். பட்டமரத்தின் இடத்தில் கன்று நிற்கும். முன்பு சொன்ன அந்தப் பூத்த அழகு இந்த வழியில் உடனே கிடைக்காது.

இரண்டாவது வழியே சரியானது என்று நான் நினைக்கிறேன், அதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் இந்த இடத்தின் சிறப்பு, அந்த வழியைப் பரிசு கொடுத்து நமக்கு ஊட்டாமல் இருப்பதில் இருக்கிறது. கனிவான முடிவை எடுத்தவருக்குக் கூடுதல் பொற்காசும் கிடையாது, மாய ஆயுதமும் கிடையாது. இரண்டு வழியிலும் டானிகா நமக்குக் குணமாக்கும் மந்திரத்தில் பயிற்சி தரத் தொடங்குவார், அவ்வளவே. வைட்ரனில் யாரும் நம்மிடம் கணக்குக் கேட்பதில்லை. கன்றைக் கொண்டுவருபவர், பார்வைக்குக் குறைந்த பலனையே கொண்டுவருகிறார். அதைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கிறது. விளையாட்டுகளில் நல்லது கெட்டது என்று இரண்டு பொத்தான்களை வைத்துவிட்டு நல்லதை அழுத்தினால் பெரிய பரிசு என்று வைப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இங்கே அந்தப் பேரம் இல்லை.

வடக்கு ஐரோப்பாவின் பழைய வழிபாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் இந்தத் தோப்பு இன்னும் ஆழமாகத் தெரியும். பிரெமன் நகரத்து ஆடம் என்ற கிறித்தவப் பாதிரியார் 11ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் உப்சாலா கோயிலைப் பற்றி எழுதியபோது, அதை ஒட்டிய தோப்பில் ஒவ்வொரு மரமும் தெய்வமாகக் கருதப்பட்டதைக் குறிப்பிடுகிறார். அந்த நூலின் ஓரக்குறிப்பு ஒன்று, கோயிலருகே கோடையிலும் குளிரிலும் பச்சை மாறாத பெருமரம் ஒன்று நின்றதாகவும், அது என்ன இனம் என்று ஒருவருக்கும் தெரியாது என்றும் சொல்கிறது. அதே ஆடம், அந்தத் தோப்பின் மரங்களில் பலிகொடுத்த உடல்கள் தொங்கவிடப்பட்டன என்றும் எழுதியிருக்கிறார். ஸ்வீடனின் யாம்ட்லாந்துப் பகுதியில் ஃப்ரோசோ என்ற தீவு இருக்கிறது. ஃப்ரெய் தெய்வத்தின் தீவு என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அங்குள்ள பழைய தேவாலயத்தின் தரையை 1984இல் அகழ்ந்தபோது, பலிபீடத்தின் அடியிலேயே பூர்ச்ச மரத்தின் அடிக்கட்டை ஒன்றும், அதைச் சுற்றிக் கரடி முதலான விலங்குகளின் எலும்புகளும் கிடைத்தன. மரம் நின்ற இடம், பலி நடந்த இடம், பிறகு தேவாலயம் எழுந்த இடம், எல்லாம் ஒரே புள்ளி.

எனவே நார்ஸ் உலகத்துத் தோப்பு என்பது இயற்கையை ரசித்துவிட்டு வரும் பூங்காவாக ஒருபோதும் இருந்ததில்லை. அங்கே புனிதமும் இரத்தமும் ஒன்றாகவே இருந்தன. எல்டர்க்ளீமின் கத்தி பலியிடுவதற்காகச் செய்த கத்தி என்பதும், சாறு எடுத்த நொடியில் தோப்பு கொலைக்களமாக மாறுவதும் அந்தப் பழைய நினைவோடு பொருந்துகின்றன. இதை வடிவமைத்தவர்கள் ஃப்ரோசோவைப் படித்துவிட்டுச் செய்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. செய்துவைத்தது அந்த மண்ணின் குணத்துக்கு உண்மையாக இருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. ரோமாபுரியின் டாசிட்டஸ் கி.பி. 98ஆம் ஆண்டுவாக்கில், வடக்கே செம்னோனிஸ் என்ற ஜெர்மானியக் குலத்தாரின் தோப்பைப் பற்றி எழுதுகிறார். கயிற்றால் கட்டப்படாமல் அந்தத் தோப்புக்குள் ஒருவரும் நுழையக்கூடாதாம். உள்ளே தடுக்கி விழுந்தால் எழுந்து நிற்கவும் கூடாது, யாரும் தூக்கிவிடவும் கூடாது. தரையில் புரண்டபடியே வெளியே வரவேண்டுமாம். அந்த இடத்தின் ஆற்றலுக்கு முன்னால் தான் சிறியவன் என்பதை உடம்பாலேயே ஒப்புக்கொள்ளும் முறை அது. கட்டுண்டு நுழையவேண்டிய அப்படிப்பட்ட இடத்துக்குள் நம்மைக் கத்தியோடு அனுப்புவதுதான் இந்தக் குவெஸ்டின் துணிச்சல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்ப்ரிகன் என்ற பெயரைப் பற்றி ஒரு சிறு குறை சொல்லவேண்டும். அது நார்ஸ் சொல் இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் நாட்டுப்புறக் கதைகளில், புதையலைக் காக்கும் சிறு பூதங்களுக்கு வழங்கும் பெயர். வனத்துப் பெண்ணுருவம் வேண்டுமென்றால் ஸ்வீடனிலேயே ‘ஸ்கோக்ஸ்ரோ’ இருக்கிறாள்: முன்னால் பார்த்தால் அழகிய பெண், முதுகைத் திருப்பினால் உள்ளே குடைந்துபோன அடிமரம். விளையாட்டில் வரும் உருவம் பெரும்பாலும் அவளைத்தான் நினைவூட்டுகிறது. பெயரையும் அங்கிருந்தே எடுத்திருந்தால் இந்தத் தோப்பு அதன் நிலத்தில் இன்னும் அழுத்தமாக வேர்விட்டிருக்கும்.

அதைவிடப் பெரிய குறை, கன்றின் வழி முழுக்க மாரிஸ் என்ற ஒரே ஆளின் தலையில் தொங்குவது. அவரை அழைத்து வராவிட்டால், அல்லது வழியில் அவர் இறந்துபோனால், மரத்திடம் வேண்டிக் கேட்கும் வாய்ப்பே நமக்குக் கிடையாது. நாமே மண்டியிட்டுக் கேட்கலாம் என்றோ, கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப்போய் டானிகாவிடம் ‘என்னால் முடியாது’ என்று சொல்லலாம் என்றோ ஒரு வாய்ப்பை வைத்திருக்கவேண்டும். இவ்வளவு நுட்பமாக யோசித்தவர்கள் அதை விட்டுவிட்டது எனக்கு இன்னும் வருத்தம்தான். குவெஸ்ட் முடிந்த பிறகு தோப்பில் நடக்கும் மாற்றமும் போதாது. அங்கே ஒரு பருவமோ திருவிழாவோ, புதிதாக வரும் யாத்திரிகர்களோ இருந்திருந்தால், மீண்டும் மீண்டும் போகக் காரணம் கிடைத்திருக்கும்.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். 2016 அக்டோபர் 28 அன்று வந்த ஸ்பெஷல் எடிஷனே இன்று வாங்கவேண்டிய பதிப்பு. 8 ஜிபி நினைவகமும் 12 ஜிபி இடமும் இருக்கும் பழைய கணினியே அதற்குப் போதும். 2021இல் வந்த ஆனிவர்சரி எடிஷனில் சேர்த்திருக்கும் கூடுதல் சரக்கு எதுவும் இந்தத் தோப்புக்குத் தேவைப்படாது. தமிழில் வசனமோ எழுத்தோ கிடையாது. ஆங்கில வசனங்கள் நிதானமாகவே பேசப்படுகின்றன என்றாலும், சப்டைட்டிலை இயக்கிவிட்டு விளையாடுங்கள், டானிகாவின் அந்த ஒரு வரிக்காகவாவது. ஆர்ஃபன் ராக்கின் சூனியக்காரிகளைச் சமாளிக்கும் அளவுக்கு லெவல் ஏறிய பிறகு போவது நல்லது. மாரிஸ் சேர்ந்ததும் ஒரு சேவ், வால்தைமுக்கு முன்னால் ஒரு சேவ், குகைவாசலில் ஒரு சேவ் என்று மூன்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஃபாஸ்ட் டிராவலை (வரைபடத்தில் தேர்ந்தெடுத்ததும் அந்த இடத்துக்குத் தாவும் வசதி) மறந்துவிட்டு நடந்தே போங்கள். பனியிலிருந்து ஆவிக்கும், ஆவியிலிருந்து பச்சைக்கும் நிலம் மாறுவதைக் காலால் கடந்தால்தான் அந்தக் குகைக்குள் இறங்கும் வெளிச்சத்துக்கு மதிப்பு. ஜெரமி சோலின் இசையை முழு விளையாட்டிலும் நான் விரும்பிக் கேட்பேன்; இந்த ஓரிடத்தில் மட்டும் அதைக் குறைத்துவைத்து, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கப் பரிந்துரைப்பேன்.

மூன்றாவது ஆட்டத்தில் நான் டானிகாவைப் பார்க்கவே இல்லை. கைனரெத் கோயிலுக்குள் நுழையாமல், கத்தி என்ற ஒன்று இருப்பதே தெரியாத ஒரு கேரக்டராக, வெந்நீர்ச் சமவெளியில் அலைந்து திரிந்து அந்தக் குகைவாயைக் கண்டுபிடித்து உள்ளே போனேன். ஓடையைத் தாண்டி, புல்மேட்டில் ஏறி, வேர்கள் குறுக்கே விழுந்து கிடக்கும் இடம்வரை நடந்தேன். கையில் இருந்த இரும்பு வாளை உருவவில்லை. வேர் விலகவில்லை. அதன் இந்தப் பக்கத்தில் நின்றபடியே மேலே இருந்த இலைக்கொத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆஸ்டா உட்கார்ந்திருந்த தண்ணீர்க்கரைக்கு இறங்கி வந்தேன்.